எல்லோரும் நுழையும் நூலகம்

நூலகம் அறிவின் ஆலயம் என்று நம் பள்ளி மேடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பேச்சுப் போட்டிகளில் நாங்களும் அப்படியே முழங்கிக் கைதட்டலும் பெற்றிருக்கிறோம். ஆனால் அந்த ஆலயத்தின் படியேற முடியாமல் வெளியே நிற்பவர்கள் யார், உள்ளே போனவர்களும் நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வியர்வை வழியப் படிப்பது ஏன் என்று இவ்வாண்டு வரை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தவள் எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி. தன் பெயரை எழுதக் கூடாது என்பது அவள் இட்ட கட்டளை. ஆகவே அவளை இக்கட்டுரையில் ‘தோழி’ என்றே குறிப்பிடுகிறோம்.

சென்ற ஜூலை மாதம் எங்கள் தமிழாசிரியை வகுப்பு முழுவதையும் ஊர்க் கிளை நூலகத்திற்கு அழைத்துச் சென்று உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். நூலகத்தின் முன்வாசலில் நான்கு படிகள். தோழியோ சக்கர நாற்காலியில் வருபவள். கட்டடத்தின் வடபுறத்தில் இருக்கும் வேப்பமர நிழலில் அவளை இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் உள்ளே ஓடினோம். அவளுக்காக மூன்று கதைப் புத்தகங்களைத் தேடி எடுத்து வந்து மடியில் வைத்தோம். நல்ல காரியம் செய்துவிட்டதாக எங்களுக்குள் ஒரு பெருமிதம். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “இதில் ஒன்று படித்தது. மற்ற இரண்டும் நீங்கள் படிக்க ஆசைப்படுபவை. நீங்கள் எடுத்து வருவதை எல்லாம் நான் படிக்கிறேன். நானே எடுத்ததை எப்போது படிப்பது?”

எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. மறுநாள் கணித வகுப்பில் இதைச் சொன்னபோது ஆசிரியை, “இரக்கப்பட்டது போதும், அளவு நாடாவை எடுங்கள்” என்றார். அறிவியல் ஆசிரியையும் சேர்ந்துகொண்டார். ஒரு பழைய நூலகக் கட்டடத்தை இடிக்காமலே, மின்செலவு குறையும்படியும் எவரும் உள்ளே வந்து பயன்பெறும்படியும் திருத்துவது எப்படி? நூலகர் ஐயாவின் அனுமதியோடு அளந்தும் கணக்கிட்டும் நாங்கள் கற்றுக்கொண்டதைக் கீழே தருகிறோம்.

நூலகம் யாருடையது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பொது நூலகம் யாரோ நமக்கு இடும் தானம் அன்று. 1948-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் நூலகங்களுக்கென ஒரு மாநிலம் இயற்றிய முதற் சட்டம் இதுவே. இச்சட்டத்தின்படி நம் பெற்றோர் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. இப்போது அது ரூபாய்க்கு 10 காசு. நடக்க இயலாத பிள்ளையின் வீட்டிலும், நடக்க இயன்ற பிள்ளையின் வீட்டிலும் அந்த 10 காசு ஒன்றுபோலவே வாங்கப்படுகிறது. அப்படியானால் வாசலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் அல்லவா?

இச்சட்டம் பிறக்கப் பாடுபட்டவர் சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் அவர்கள். கணித ஆசிரியராக இருந்து, 1924-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். இதைக் கேட்டதும் எங்கள் கணித ஆசிரியையின் முகத்தில் ஒரு தனி மலர்ச்சி! நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் பொருள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பன அடுத்த இரண்டு. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது நான்காவது. நூலகம் வளரும் ஓர் உயிரி என்பது ஐந்தாவது. இவற்றில் எந்த விதியிலும் ‘படியேற முடிந்த வாசகர்’ என்ற சொல் இல்லை. வாசகரே அடுக்குகளுக்கிடையே சென்று தமக்கு வேண்டியதைத் தாமே தேடி எடுக்க வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். தோழி கேட்டதும் அதைத்தானே!

சட்டமும் அவள் பக்கமே நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்கள் அனைத்தும் அவர்கள் எளிதில் அணுகக் கூடியனவாக இருக்க வேண்டும் என்கிறது. புதுக் கட்டடங்கள் மட்டுமல்ல, பழையனவும் திருத்தப்பட வேண்டும். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். முதுமையால் முழங்கால் தேய்ந்தவர்களும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களும், கால் முறிந்து மாவுக்கட்டோடு இருப்பவர்களும் இக்கணக்கில் சேரவில்லை. எண்ணிப் பார்த்தால், இன்றோ நாளையோ இந்தப் பட்டியலில் சேராதவர் நம்மில் எவரும் இல்லை.

பகலில் ஏன் விளக்கு?

எங்கள் ஆய்வு வாசலில் தொடங்கவில்லை, விளக்கில் தொடங்கியது. நாங்கள் சென்றது காலை 11 மணி. வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளேயோ 12 குழல்விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. காரணத்தை அறிய வெகுநேரம் ஆகவில்லை. இரும்பு நூல் அடுக்குகள் எல்லாம் ஜன்னல்களை ஒட்டிச் சுவரோடு சுவராக நிறுத்தப்பட்டிருந்தன. ஆள் உயரத்திற்கும் மேலான அடுக்குகள், வெளிச்சத்தையும் காற்றையும் ஒருசேர மறைத்துவிட்டன. இயற்கை இலவசமாகத் தருவதைத் தடுத்துவிட்டு, அதையே மின்சாரத்தால் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம்!

இதற்கு மாற்று என்ன? அடுக்குகளை ஜன்னல் சுவருக்குச் செங்குத்தாக, இரண்டு ஜன்னல்களுக்கு இடையே உள்ள சுவர்ப் பகுதியிலிருந்து நீளும்படி நிறுத்த வேண்டும். அப்போது ஒவ்வொரு ஜன்னலின் வெளிச்சமும் அடுக்குகளுக்கிடையே உள்ள நடைவழியில் நேராக விழும். ஒரு பக்கத்து ஜன்னலில் நுழைந்த காற்று மறுபக்கத்து ஜன்னல் வழியே வெளியேறும். ஆனால் இப்படி நிறுத்தும்போது அடுக்குகள் சாய்ந்துவிடாதபடி அவற்றைப் பட்டை இரும்பால் சுவரோடும் ஒன்றோடொன்றும் இணைக்க வேண்டும்.

எந்தத் திசை ஜன்னல் நல்லது என்பதும் அறிய வேண்டியது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. நண்பகல் வெயிலை ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் கிழக்கு, மேற்கு வெயிலை அது தடுக்காது. எனவே படிப்பதற்கு ஏற்றது வடக்கு ஜன்னல். சன்ஷேடு உள்ள தெற்கு ஜன்னலும் நன்று. மேற்குச் சுவருக்கு வெளியே வேம்போ புங்கையோ நட்டால், எந்த இயந்திரமும் இன்றி அச்சுவர் குளிரும். நேர்வெயில் படும் இடத்தில் நூல்களை வைத்தால் தாள் பழுத்து அட்டை நிறம் மங்கும் என்று நூலகர் ஐயா எச்சரித்தார்.

அடுத்த மாதம் நூல் இருப்புச் சரிபார்ப்பு வந்தது. எப்படியும் நூல்களை இறக்கி அடுக்குகளை நகர்த்தியே ஆக வேண்டும். அந்த வாய்ப்பிலேயே நிற்கும் முறையையும் மாற்றிவிடலாம் என்று ஐயா இசைந்தார். ஆட்கள் அடுக்குகளை நகர்த்தினார்கள். நாங்கள் ஒரு விடுமுறை நாள் முழுவதும் நூல்களைச் சுமந்தோம். அப்போதுதான் வடக்குச் சுவரில், ஓர் அடுக்குக்கும் பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கும் பின்னால், ஒரு கதவு இருப்பதைக் கண்டோம். அதைத் திறந்தால் எதிரே வேப்பமரம். தோழி உட்கார்ந்திருந்த அதே மரம். இக்கதவைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

தலைக்கு மேலே ஓர் அடுப்பு

நம் ஊர்களில் ஒற்றைமாடிக் கட்டடத்திற்கு வெப்பம் மிகுதியாக வருவது கூரை வழியே. பகல் முழுவதும் கான்கிரீட் கூரை வெயிலைக் குடித்து, மாலை வரை அதை உள்ளே உமிழ்கிறது. இதைச் சோதிக்க அறிவியல் ஆசிரியை ஒரு வழி சொன்னார். ஒரே அளவுள்ள இரண்டு பிஸ்கட் டப்பாக்கள். ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம், மற்றொன்றுக்கு வெள்ளை. இரண்டையும் மதிய இடைவேளையில் மொட்டை மாடியில் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துக் கறுப்பு டப்பாவில் கை வைக்க முடியவில்லை. வெள்ளை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டே வகுப்புக்கு வந்தோம்.

கூரைக்கும் இதே விதிதான். வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கோடைக்கு முன் மொட்டை மாடியைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பது நம் பாட்டிமார் அறிந்த வழக்கம். இன்று இதற்கென வெள்ளை வண்ணப் பூச்சும் வெள்ளை ஓடுகளும் கிடைக்கின்றன. ஆனால் தூசி படிந்தால் வெள்ளையும் கறுப்பாகிவிடும். ஆண்டுதோறும் கழுவ வேண்டும். நீர்க்கசிவு இருந்தால் அதை முதலில் அடைத்த பிறகே பூச வேண்டும். ஈரம் இறங்கினால் நூல்களுக்குப் பூஞ்சையும் கறையானும் நிச்சயம்.

இன்னொன்றும் கற்றோம். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை! அது நம் உடலின் வியர்வையை ஆவியாக்கி நம்மைத்தான் குளிர்விக்கிறது. ஆகவே ஆள் இல்லாத மேசைக்கு மேல் விசிறி சுழல்வதால் எவருக்கும் பயன் இல்லை. எழுந்து போகிறவர் சுவிட்சை அணைப்பது வெறும் நல்லொழுக்கம் மட்டுமன்று, அறிவியலும் ஆகும்.

ஒரு சிறு கணக்கு

ஆயிரம் வாட் சக்தி ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட் மின்சாரம் என்பது பத்தாம் வகுப்பு மாணவியர் அறிந்ததே. எங்கள் நூலகத்தில் விசிறிகள் 10, குழல்விளக்குகள் 12. நாளொன்றுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தால் 200 மணி நேரம் ஆகிறது.

பழைய விசிறி ஒன்றுக்கு ஏறத்தாழ 75 வாட். பத்து விசிறிக்கு 750 வாட், மாதம் 150 யூனிட். பழைய குழல்விளக்கு ஒன்றுக்கு அதன் சோக்கையும் சேர்த்து ஏறத்தாழ 50 வாட். பன்னிரண்டுக்கு 600 வாட், மாதம் 120 யூனிட். ஆக மொத்தம் 270 யூனிட்.

இப்போது கடைகளில் விற்கும் சிக்கன விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். பத்துக்கு 300 வாட், மாதம் 60 யூனிட். எல்.இ.டி. குழல்விளக்கிற்கு 20 வாட் போதும். பன்னிரண்டுக்கு 240 வாட், மாதம் 48 யூனிட். ஆக மொத்தம் 108 யூனிட். வெளிச்சமும் காற்றும் அதே அளவு, மிச்சம் மாதம் 162 யூனிட். நூற்றுக்கு 60 பங்கு! ஜன்னலோர விளக்குகளுக்குத் தனிச் சுவிட்சு வைத்துப் பகலில் அணைத்துவிட்டால் இன்னும் குறையும்.

கூரையில் சூரிய ஒளித் தகடு வைப்பதைப் பற்றியும் கணக்கிட்டோம். நம் மாநில வெயிலில் ஒரு கிலோவாட் தகடுகள் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட், அதாவது மாதம் 120 யூனிட் தரும். அவற்றுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். பழைய செலவான 270 யூனிட்டுக்கு இரண்டு கிலோவாட்டும் போதாது. சிக்கனம் செய்த பிறகு ஒரு கிலோவாட்டே போதும். முதலில் சேமிப்பு, பிறகே உற்பத்தி என்பது இதிலிருந்து விளங்கும். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவது அறிவுடைமை ஆகாது.

படியும் சாய்தளமும்

இனி வாசலுக்கு வருவோம். படிகளுக்குப் பதிலாக ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் போதாதா என்றுதான் நாங்களும் நினைத்தோம். போதாது. சாய்தளத்திற்கு ஓர் அளவு உண்டு. உயரம் ஒரு பங்கு என்றால் நீளம் குறைந்தது 12 பங்கு இருக்க வேண்டும். முக்கோணவியல் படித்த கண்ணோடு பார்த்தால், சாய்வுக் கோணம் ஐந்து பாகைக்கும் சற்றுக் குறைவு. இதைவிடச் செங்குத்தாக இருந்தால் நாற்காலியில் இருப்பவர் தம் கைகளாலேயே சக்கரத்தை உருட்டி ஏற முடியாது. இறங்கும்போது நாற்காலி கட்டுக்கடங்காமல் ஓடிவிடும். மழையில் வழுக்கும். படம் பிடிப்பதற்காகக் கட்டப்பட்ட சாய்தளங்கள் பல இடங்களில் இருக்கின்றன. சில இடங்களில் சாய்தளம் சரியாகவே இருந்தும், அதன் அடியில் இரு சக்கர வண்டிகளை நிறுத்திவிடுகிறோம். இக்குற்றத்தில் நம் வீட்டு வண்டிகளுக்கும் பங்கு உண்டு.

எங்கள் நூலகத்தின் முன்வாசலில் நான்கு படிகள், ஒவ்வொன்றும் 15 செ.மீ. மொத்த உயரம் 60 செ.மீ. அதற்குச் சாய்தளம் 7 மீட்டர் 20 செ.மீ. நீளம் வேண்டும். ஆனால் வாசலுக்கும் தெருவுக்கும் இடையே இருப்பது மூன்று மீட்டர். இடையில் ஒரு சமதளம் விட்டு, திருப்பித் திருப்பிக் கட்டலாம். செலவும் இடமும் கூடும். நாங்கள் மனம் தளர்ந்திருந்தபோது ஒருத்தி, “அந்த வடக்குக் கதவை அளந்தோமா?” என்று கேட்டாள்.

ஓடிப்போய் அளந்தோம். அந்தப் பக்கம் தரை மேடானது. கதவின் கீழே ஒரே ஒரு படி, 15 செ.மீ. உயரம். பன்னிரண்டால் பெருக்கினால் 180 செ.மீ., இரண்டு மீட்டர்கூட இல்லை! இரட்டைக் கதவு, இரண்டையும் திறந்தால் 100 செ.மீ. அகலம். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 90 செ.மீ. போதும். வெளிச்சத்தை மறைத்த அடுக்கு, காற்றை மறைத்த அடுக்கு, ஒரு வாசலையும் சேர்த்தே மறைத்திருக்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த அதை நகர்த்தினோம், தோழிக்கு வழி கிடைத்தது. இவை இரண்டு வேலைகள் அல்ல, ஒரே வேலை என்பதை அன்று உணர்ந்தோம்.

மகிழ்ச்சியோடு தோழியிடம் ஓடினோம். அவள் கேட்ட முதல் கேள்வி எங்களை நிறுத்திவிட்டது. “எனக்கு மட்டும் பக்கவாசலா?”

இதையும் நூலகர் ஐயாவிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “ஏன் பிள்ளைகளா, பதிவேட்டு மேசையை இந்தப் பக்கம் போட்டுவிட்டால் எல்லோருக்கும் இதுதானே வாசல்?” என்றார். அப்படியே ஆயிற்று. அனுமதி வர இரண்டு மாதம் பிடித்தது. வாசகர் வட்டத்தினரும் புரவலர்கள் சிலரும் பணம் தந்தனர். கொத்தனார் ஒரே நாளில் முடித்துவிட்டார். அகலம் 120 செ.மீ., சொரசொரப்பான தளம், இருபுறமும் கைப்பிடி. முன்வாசலும் திறந்தே இருக்கிறது. ஆனால் கைத்தடியோடு வரும் பெரியவரும், பிள்ளையை இடுப்பில் சுமந்து வரும் அம்மாவும், நாளிதழ்க் கட்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவரும் இப்போது வடக்கு வாசலையே நாடுகிறார்கள். நாங்களும் அப்படியே.

உள்ளே நுழைந்த பிறகு

வாசல் திறந்தால் மட்டும் போதுமா? அடுக்குகளுக்கிடையே முன்பு இருந்த இடைவெளி 60 செ.மீ. தோழியின் நாற்காலி அகலம் 65 செ.மீ. ஐந்து செ.மீ. குறைவால் ஆயிரக்கணக்கான நூல்கள் அவளுக்கு எட்டாமல் போயிருக்கும். இப்போது 90 செ.மீ. விட்டிருக்கிறோம். நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும். அதை நடைவழியின் முடிவில் ஒதுக்கினோம். அமர்ந்திருப்பவரின் கை ஏறத்தாழ 120 செ.மீ. உயரம் வரையே எட்டும். எனவே மிகுதியாகப் படிக்கப்படும் நூல்கள் நடுத் தட்டுகளுக்கு வந்தன. மேசைகளில் ஒன்றின் அடிச்சட்டத்தைத் தச்சர் நீக்கிக் கொடுத்தார். முழங்கால் இடிக்காமல் நாற்காலி அதன் கீழே செல்கிறது. முன்வாசற் படிகளின் விளிம்பில் மஞ்சள் பட்டை அடித்தோம். பார்வை மங்கியவர்களுக்குப் படி எங்கே முடிகிறது என்று தெரிய அது உதவும். இதற்கெல்லாம் ஆன செலவு சொற்பமே.

கண்ணால் படிக்க இயலாதவர்கள்

“பார்வையற்றவர் ஒருவரும் இங்கே வந்ததில்லையே” என்றார் நூலகத்தில் ஒருவர். கிணறு தோண்டாத இடத்தில் தண்ணீர் மொள்ள யாரும் வரவில்லை என்று சொல்வதைப் போன்றது இது.

பிரான்சு நாட்டில் 1809-ஆம் ஆண்டு பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் ஊசிக் கருவியால் காயப்பட்டுப் பார்வை இழந்தார். 1824-ஆம் ஆண்டு ஆறு புள்ளிகளால் ஆன எழுத்து முறையை அவர் உருவாக்கியபோது வயது பதினைந்து. எங்கள் வயது! அந்த ஆறு புள்ளிகளைக் கொண்டு நம் தமிழையும் எழுதலாம். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைக்கப்பட்ட பாரதி பிரெயில் முறை அதற்கு உதவுகிறது.

பிரெயில் நூல்கள் தடிமனானவை, சிறு நூலகத்தில் இடம் போதாது. இன்று வேறு வழிகளும் உண்டு. கணினித் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஓர் இளைஞர் 2006-ஆம் ஆண்டு தொடங்கிவைத்தது அது. பார்வையற்றோர்க்கான சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இத்தகைய நூல்களைத் தயாரிக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் தடைகளை நீக்கும் மராகேஷ் உடன்படிக்கை 2013-ஆம் ஆண்டு உருவாயிற்று. அதற்கு 2014-ஆம் ஆண்டு முதன்முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. ஆகவே ஒரு கணினியும், ஒரு காதணிக் கருவியும், சொல்லித்தர ஓர் ஆளும் இருந்தால் ஒரு கிளை நூலகத்திலும் இக்கதவைத் திறக்கலாம்.

பெரிய நூலகங்களில்

சிறு நூலகத்திற்குச் சொன்னவை பெரிய நூலகத்திற்கும் பொருந்தும். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், பசுமைக் கட்டடங்களுக்கு அளிக்கப்படும் லீட் தங்கச் சான்று பெற்றது. அதன் பிரெயில் பிரிவு தரைத் தளத்திலேயே இருக்கிறது. மதுரையில் 2023-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு தரைத் தளத்திலேயே அமைந்துள்ளது.

இவை புதிதாகக் கட்டப்பட்டவை. பழையதைத் திருத்தியதற்கும் சான்று உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பெயர் தாங்கிய நூலகம் 1972-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்தது. நாளடைவில் அது இருண்டும் பழுதுபட்டும் போயிற்று. அதை இடிக்கவில்லை. 2017 முதல் மூடித் திருத்தி, 2020-ஆம் ஆண்டு மீண்டும் திறந்தார்கள். மூடிய இருட்டுப் படிக்கட்டுகள் இருந்த இடத்தில் வெளிச்சம் இறங்கும் அகன்ற படிக்கட்டுகள் வந்தன. மேல்தளத்தில் தோட்டம் அமைந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு தனிப் பிரிவும் அங்கே இயங்குகிறது. இடித்துக் கட்டினால் செங்கல்லும் சிமெண்டும் இரும்பும் புதிதாக வேண்டும். அவற்றைச் செய்ய எவ்வளவு எரிபொருள் செலவாகும்! நிற்கும் சுவரைக் காப்பாற்றுவதே முதல் சிக்கனம்.

எதை முதலில் செய்வது?

பணமே வேண்டாத வேலைகள் முதலில்: அடுக்கைத் திருப்புதல், ஜன்னலைத் துடைத்தல், வழியில் கிடப்பதை அகற்றுதல், தேவையற்ற சுவிட்சை அணைத்தல். சிறிது பணம் வேண்டுபவை அடுத்து: வெள்ளைக் கூரை, எல்.இ.டி. விளக்கு, மஞ்சள் பட்டை, மேசை. பெரும் பணம் வேண்டுபவை பிறகு: சாய்தளம், சூரிய ஒளித் தகடு, கைப்பிடிகளோடு கூடிய அகன்ற கழிப்பறை. எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. பயன்படுத்தப் போகிறவரைக் கேட்பது. தோழியைக் கேட்காமல் நாங்கள் செய்திருந்தால் அவளுக்கு ஒரு தனிக் கதவைத்தான் பரிசளித்திருப்போம்.

எங்கள் நூலகத்தில் விளக்குகள் மாறிவிட்டன. விசிறிகள் பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாறும் என்றார் ஐயா. கழிப்பறைக்கான விண்ணப்பம் போயிருக்கிறது. கணினி இன்னும் வரவில்லை. செய்யாதவற்றையும் சொல்வதுதான் நேர்மை.

சாய்தளம் முடிந்த மறுநாள் விழா ஏதும் நடக்கவில்லை. பள்ளி விட்டதும் தோழி தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் தள்ளப் போனவளை, “விடு, நானே போகிறேன்” என்று தடுத்துவிட்டாள். ஒவ்வொரு நடைவழியாகச் சென்றாள், எடுத்தாள், புரட்டினாள், திரும்ப வைத்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பேருந்து போய்விடும் என்று நாங்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டோம். கடைசியில் அவள் மடியில் இருந்தவை ஒரு வானியல் நூலும், மிதிவண்டி பழுதுபார்ப்பது பற்றிய ஒரு நூலும். இத்தனை ஆண்டுகளாக நாங்கள் அவளுக்குக் கதைப் புத்தகங்களையே சுமந்திருக்கிறோம்! அவளுக்கு எது பிடிக்கும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

முடிக்குமுன் ஒரு வார்த்தை. நம் பள்ளி நூலகம் மாடியில் இருக்கிறது. ஏறும் படிகள் இருபத்திரண்டு. இதை ஆண்டு மலரில் எழுதலாமா என்று தயங்கித் தலைமைச் சகோதரி அவர்களிடம் கேட்டோம். “அளந்ததை எழுதுங்கள்” என்றார்கள். எழுதிவிட்டோம். தரைத் தளத்தில் கைவேலை அறைக்கு இரண்டு ஜன்னல்கள் வடக்குப் பார்த்து இருக்கின்றன என்பதையும் அளந்து வைத்திருக்கிறோம்.

அன்புத் தங்கைகளே, விடுமுறையில் உங்கள் ஊர் நூலகத்திற்குப் போங்கள். நூல் எடுங்கள். போகும்போது பையில் ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு